ஓடி வந்து குதிடா!

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடம்பு கிடையாது என்பது 2009-லேயே நாடாளுமன்றத்தில் முடிவான விஷயம். நம்பாதவர்கள் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர். உடற்கல்விக்கு ஆள்? அந்தப் பேச்சே இல்லை. உடம்பு ஆறாம் வகுப்பில்தான் முளைக்கிறது. அதுவும் ஆறிலிருந்து எட்டு வரை 100 பேருக்கு மேல் சேர்ந்திருந்தால்தான். அதுவும் பகுதிநேரமாக. விளையாட்டு மைதானம் மட்டும் கட்டாயம் வேண்டுமாம். ஆடு மேய இடம் வேண்டாமா?

அந்தப் பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழ்நாட்டில் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. 'எங்களை நிரந்தரம் செய்யுங்கள்' என்று சென்னையில் கல்வித் துறை வளாகத்தில் வந்து உட்கார்ந்தால் போலீஸ் வேன் வருகிறது. அது தனிக் கதை. எப்படியும் அவர்கள் மூன்றாம் வகுப்புப் பக்கம் வரப்போவதில்லை.

ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் மேய்க்கும் பள்ளியில் ஒருவர் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் விவரம் பதிவேற்றிக்கொண்டிருப்பார். இன்னொருவர் மிச்சம் எல்லாம். பி.டி. பீரியடு என்று ஒன்று சுவரில் ஒட்டிய கால அட்டவணையில் இருக்கும். கணக்குப் பாடம் முடியாத வாரம் அது கணக்குப் பீரியடு. கணக்குப் பாடம் எந்த வாரமும் முடிவதில்லை.

பிறகு விளையாட்டு விழாவுக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். நீளம் தாண்டுதல் அப்போதுதான் நினைவுக்கு வரும். சுண்ணாம்புப் பொடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டாந்தரையில் நாலு கொத்துக் கொத்தி, ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் குழி தயார். பயிற்சி மொத்தமும் மூன்றே சொல்: ஓடி வந்து குதிடா! பையன் ஓடி வருகிறான். கோட்டருகே எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நிற்கிறான். தவளை போல இரண்டு காலையும் சேர்த்து எம்புகிறான். குதிகால் தரையில் ணங்கென்று இறங்க, பின்னால் சாய்ந்து கையை ஊன்றுகிறான். அந்தக் கை பட்ட இடத்திலிருந்துதான் அளப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. மேடையில் பொன்னாடை போர்த்திய சிறப்பு விருந்தினர் சிரிக்கிறார். இவர்தான் அடுத்து மைக்கைப் பிடித்து, 'ஒலிம்பிக்கில் இந்தியா ஏன் பின்தங்கியிருக்கிறது' என்று முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கேட்கப்போகிறவர்.

சொல்லிக்கொடுப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. எட்டு வயதுப் பையனுக்கு ஐந்தாறு காலடி ஓட்டம் போதும். பெரியவர்கள் மிதித்து எம்பும் 20 செ.மீ. பலகையை அவன் குறிபார்த்து மிதிக்க வேண்டாம்; அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டு, அதற்குள் கால் பட்ட இடத்திலிருந்து அளந்தால் ஆயிற்று. ஒற்றைக் காலில் எழும்பணும், இரட்டைக் காலில் இறங்கணும், முட்டியை மடக்கணும், முன்பக்கமாக விழணும். பாண்டி ஆடும் பெண்பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே அத்துப்படி. அளக்கும் டேப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், முடியாத கணக்குப் பாடத்திலும் ஒரு பாடம் முடியும்.

மணல்தான் வேண்டும். அகலம் 2.75 மீட்டர், நீளம் 5 மீட்டர், ஆழம் ஓர் அடி. ஒன்றரை யூனிட் பிடிக்கும். மூன்று யூனிட் டிப்பரில் பாதி. காவிரியும் கொள்ளிடமும் பாலாறும் ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏறிப் போன மாநிலம் இது. மணல் விவகாரத்தில் அமலாக்கத் துறை 2023-இல் ஐந்து கலெக்டர்களை விசாரணைக்கு அழைத்து, அது உச்ச நீதிமன்றம் வரை போன மாநிலம். இங்கே பள்ளிக்கூடக் குழிக்குப் பாதி டிப்பர் மணல் கேட்டால் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்று பதில் வருகிறது.

பள்ளிக்குள் மணல் வருவது வகுப்பறை கட்ட கான்ட்ராக்டர் கொட்டும்போதுதான். அன்றைக்குப் போய்ப் பாருங்கள். யாரும் சொல்லாமலே வராந்தாவிலிருந்து ஓடிவந்து, ஒற்றைக் காலில் எம்பி, முட்டி மடங்கி, முன்பக்கமாக விழுந்து எழுகிறார்கள். சட்டம் தர மறுத்த ஆசிரியர் அந்தக் குவியல்தான். 'மணலைக் கலைக்காதீங்கடா!' என்று மேஸ்திரி கரண்டியோடு விரட்டுகிறார். தலைமை ஆசிரியர் காதைத் திருகுகிறார். இப்போது அதுவும் எம்-சாண்டாகிவிட்டது. விழுந்தால் முட்டித் தோல் உரியும்.

தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். தாண்டியது கர்நாடகத்தில். மண்ணின் மைந்தன் என்று மார்தட்டியது நாம். இங்கே அடிக்கும் ஒரு வாழ்த்து ஃபிளெக்ஸைத் தரையில் விரித்தால் நான் சொன்ன குழியை மூடிவிடும்.

ஆகவே சிறப்பு விருந்தினர் அவர்களே, இந்த ஆண்டு கேடயம் வேண்டாம், உரையும் வேண்டாம். ஆற்றிலிருந்து உங்கள் ஆட்கள் அள்ளியதில் பாதி லாரியைப் பள்ளிக்கூடத்தில் கவிழ்த்துவிட்டுப் போங்கள். ரசீது கேட்க மாட்டோம்.