ஃபிரிட்ஜுக்குள் ஒரு நாற்றங்கால்

பாத்தல், வாஷிங்டன் மாநிலம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

படித்ததும் சிரிக்கப்போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். பெரியகுளத்தில் நாற்பது வருஷம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர் வீட்டுப் பிள்ளை, சியாட்டில் பக்கம் வந்து கொட்டை போட்டுச் செர்ரி வளர்க்கிறான்.

நம் ஊர் பேக்கரியில் கேக் மேல் உட்கார்ந்திருக்குமே, அந்தச் செர்ரி இல்லை. அது பெரும்பாலும் சாயமும் பாகும் ஏற்றிய களாக்காய். இது அசல்.

போன வருஷம் ஜூலையில் பிங் ரகம் ஒரு கூடை தின்றோம். கொட்டையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கழுவி, ஈர மணலில் புதைத்து, டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். பனிக்காலம் வந்து போய்விட்டது என்று நம்பினால்தான் இந்தக் கொட்டை கண் திறக்கும். அதை ஏமாற்ற மூன்று நாலு மாசம் குளிர் வேண்டும். நடுவில் ஒருநாள் உங்கள் மருமகள் ஊறவைத்த புளி என்று நினைத்து அதற்குள் கையை விட்டாள். அன்றைக்குக் குழம்பும் இல்லை, பேச்சும் இல்லை.

பன்னிரண்டு கொட்டையில் ஐந்து முளைத்தது. இரண்டை அணில் கொண்டுபோயிற்று. இங்கத்து அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. ராமருக்கு ஒத்தாசை செய்யாத இனம், வேறெப்படி இருக்கும்?

மிச்சம் மூன்றும் முழங்கால் உயரம். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: காய்க்க ஏழிலிருந்து பத்து வருஷம் ஆகும், பழம் தாய்மரம் மாதிரி இருக்காது, மரம் மட்டும் கூரையைத் தாண்டும். பத்து வருஷம் எனக்குப் பெரிசில்லை. கிரீன் கார்டுக்கு அதைவிட நீள வரிசையில் நிற்கிறேன்.

இதில் முறை வேறு பார்க்க வேண்டியிருக்கிறது, பெரியப்பா. பிங் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. லேம்பர்ட்டும் நெப்போலியனும் அதற்குப் பங்காளிகள், கொள்வினை கொடுப்பினை கிடையாது. வேன் என்ற ரகம்தான் மாமன் மச்சான் முறை. அந்தச் சம்பந்தத்தில் வந்ததுதான் ரெய்னியர், மஞ்சளில் சிவப்புப் பூசின பழம். 1952-ல் இந்த மாநிலத்திலேயே ப்ராஸரில் உருவாக்கினார்கள். கிழவர் வீட்டில் நிற்பது அது.

கொட்டையில் வந்தது தாய்மரம் மாதிரி இருக்காது என்கிறார் கிழவர். ஆனால் பிங்கே கொட்டையில் வந்த கன்றுதான்! 1875-ல் ஆரிகன் மாநிலத்தில், செத் லூவெலிங் என்பவர் தோட்டத்தில். அங்கே மேஸ்திரியாக இருந்த ஆ பிங் என்ற சீனர் பேரையே வைத்தார்கள். பிறகு அவர் ஊரைப் பார்க்கச் சீனா போனார். சீனர்களை உள்ளே விடாத சட்டம் அப்போது அமலில் இருந்தது, திரும்ப முடியவில்லை. அவர் பேரைச் சொல்லி இன்றைக்கும் கிலோ கிலோவாக விற்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து, விசா முத்திரைக்கு ஊர் வர எனக்கும் கொஞ்சம் உதறல்தான்.

கிழவர் தன் மரத்துக் குச்சி தருகிறேன் என்கிறார். எனக்குத்தான் ஒட்டுக் கட்டத் தெரியாது. நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று ஓடினவன். மாசியில், மரம் துளிர்க்கும் முன்னால், பெரியம்மாவோடு வாருங்கள். ஒட்டுக் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில், வேட்டிக்குள் சுருட்டி வையுங்கள்.

உங்கள் பிள்ளை