இன்னொரு ஆளு எங்க கண்ணு?

என்ன கண்ணு, நெட்டுரு முடிஞ்சுதா? ஒரு நொதி, ஒரு தளப்பொருள், ஒரு வளைகோடு. மைக்கேலிசும் மென்டனும் 1913-லயே சொல்லிட்டாங்கன்னு ராத்திரி பூரா நீ கத்துனதைத் திண்ணையில படுத்துக்கிட்டுக் கேட்டேன். நாய்கூடக் கேட்டுது. அது இப்பத் தெளிவா இருக்குது.

கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. அவங்க எடுத்துக்கிட்டது சர்க்கரையை ரெண்டா உடைக்கற நொதி. உடையறதுக்குத் தண்ணி வேணுமா, வேண்டாமா? வேணும். அப்பத் தண்ணியும் ஒரு தளப்பொருள்தானே? எங்க பாத்தாலும் அதுவே கிடக்கறதால அதோட அளவு மாறறதில்லை, கணக்குல உட்டுட்டாங்க. அவங்க தெரிஞ்சு உட்டாங்க சாமி, நீ தெரியாம உடறே. உடம்புல நடக்கற வினைகள்ல பாதிக்கு மேல ரெண்டு தளப்பொருள் சேந்தாத்தான் வேலை.

எனக்கு ரத்தம் எடுத்தப்ப எஸ்ஜிஓடின்னு ஒரு வரி போட்டிருந்தாங்களே, "அது லிவர் டெஸ்ட்டு அப்பாரு"ன்னு சொல்லிப்போட்டு ஓடுனியே, அதுவும் இந்தச் சாதிதான். அஸ்பார்டேட் வந்து தன்னோட அமினோ தொகுதியைக் குடுத்துட்டு, ஆக்சலோஅசிட்டேட்டா வெளிய போயிரும். வாங்குனதை நொதி தன்கிட்ட இருக்கற பி6 வைட்டமின் மேல, அதான் பிரிடாக்சல் பாஸ்பேட் மேல, ஏத்தி வெச்சுக்கும். அப்பறந்தான் ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் வந்து அதை வாங்கிக்கிட்டு குளுட்டமேட்டாப் போகும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் புடிச்சு விலை பேசற தரகனைப் பாத்திருக்கறயா? விக்கறவன் கையை உட்டப்பறந்தான் வாங்கறவன் கையைப் புடிப்பான். நொதிக்குத் தரகுக் காசு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். கிளேலண்டுன்னு ஒருத்தர் 1963-ல இதுக்கு பிங் பாங்னு பேரு வெச்சார்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருந்தாத்தான் ஆகும்னு சொல்ற நொதிகளும் உண்டு. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் ரொம்பக் கறாரு: என்ஏடிஹெச் முதல்ல உக்காரோணும், அப்பறந்தான் பைருவேட்டுக்கு எடம். போறப்ப லாக்டேட் முன்னால, என்ஏடி பின்னால. தசையில இருக்கற கிரியாட்டின் கைனேஸுக்கு அந்த வீம்பு இல்லை. ஏடிபியோ கிரியாட்டினோ, எது முன்னால வந்தாலும் வான்னுரும். ஹெக்சோகைனேஸ் பண்றதுதான் எனக்குப் புடிச்சது. குளுக்கோஸ் வந்து உக்காந்ததும் ரெண்டு மடலையும் மூடிக்கும். மூடாம இருந்தா ஏடிபியோட பாஸ்பேட்டைத் தண்ணி தட்டிட்டுப் போயிரும். நீ கணக்குல உட்ட அதே தண்ணிதான்.

எது எந்த ரகம்னு எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு முழிக்காதே. ஒரு தளப்பொருளோட அளவை நிறுத்தி வெச்சுக்கிட்டு மத்ததை மாத்தி மாத்தி வேகத்தை அள. நிறுத்துனதோட அளவை மாத்திப்போட்டு மறுபடியும் அள. தலைகீழ் மதிப்புகளை வரைபடத்துல போட்டா, கோடுக இணையாப் போனா பிங் பாங். ஒண்ணையொண்ணு வெட்டுனா ரெண்டும் சேந்து உக்காருது. வெட்டுனதைப் பாத்ததும் "வரிசைப்படிதான் வருது"ன்னு குதிக்காதே. வரிசையா, இஷ்டத்துக்கான்னு அந்தக் கோடு சொல்லாது. வெளைபொருளைக் கொஞ்சம் முன்னாலயே ஊத்தி, அது எந்தத் தளப்பொருளோட மல்லுக்கட்டுதுன்னு பாரு. அதையும் பாத்துட்டு அப்பறமா பரிச்சையில எழுது.