அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூர்ப் பக்கம் துணி காயப்போடுவது தனி வேலை. போடும் முன் கொடியைத் துடைக்க வேண்டும். எடுத்ததும் இரண்டு உதறு. மடிக்கும் முன் இன்னொரு உதறு. அதற்குள் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று தெருமுனையில் திரும்பினால் எல்லாம் முதலிலிருந்து. வீட்டில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் இருந்துவிட்டால் அந்த அம்மாவுக்குத் தோள்வலி நிச்சயம்.

இந்தத் தோள்வலிக்கும் எம்.பி.ஏ. படிப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது. அந்த அம்மா ஒரு ‘ஸ்டேக்ஹோல்டர்’. விஷயம் அவருக்குத்தான் தெரியாது. நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படும் எவரும் ஸ்டேக்ஹோல்டர்தான் என்று அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்டு ஃப்ரீமன் 1984-ல் புத்தகம் போட்டார். நல்ல மனசு. பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பங்காளிக்கு வரப்பில் நின்று கத்தும் உரிமையாவது உண்டு. ஸ்டேக்ஹோல்டருக்கு அந்தச் சிரமமும் இல்லை. அவருக்காகக் கவலைப்பட மாநாடு நடக்கிறது. குளிர்சாதன அரங்கில். மதிய விருந்தோடு.

அரியலூர் மண் ஒருகாலத்தில் கடல். நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் இன்றும் மண்ணைக் கீறினால் கிடைக்கும். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தேடி 1979-ல் அரசின் டான்செம் சிமெண்ட் ஆலை அரியலூருக்கு வந்தது. தனியார் ஆலைகளும் வரிசைகட்டின. 1997-ல் ஆலத்தியூரிலும் ஒன்று எழுந்தது. சிமெண்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இதை எழுதுகிறவன் வீடும் சிமெண்ட்தான். கேள்வி ஒன்றே ஒன்று. மூட்டை ஊர் ஊராகப் போகிறது. தூசி மட்டும் ஏன் இங்கேயே தங்குகிறது? அதற்கு யார் பொறுப்பு?

பொறுப்பு. தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. ‘தலைமை ஆசிரியர்’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டிருந்தால், உண்மையான தலைமை ஆசிரியர் இல்லை என்று அர்த்தம். நாற்காலி காலி. கையெழுத்துக்கு மட்டும் ஆள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும் இந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

நம்பாவிட்டால் சட்டத்தைப் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. 2014 ஏப்ரல் 1 முதல் அமல். பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நூற்றுக்கு இரண்டு ரூபாய் பொறுப்பு. மீதித் தொண்ணூற்றெட்டு?

இன்னும் ருசியான இடம் விதிகளில் இருக்கிறது. வழக்கமான தொழில் நடவடிக்கைக்குச் செய்யும் செலவு இந்தக் கணக்கில் சேராது. கணக்கு வழக்குக்கு அது நியாயமாக இருக்கலாம். ஊர்க்காரன் காதில் எப்படி விழுகிறது? தொழில் ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம். காலையில் தோண்டு. மாலையில் மரக்கன்று நடு. கன்றை விடப் பெயர்ப்பலகை உயரம். ஆடு கன்றைத் தின்றுவிடும். பலகையைத் தின்னாது.

இனி கல்விச்சாலைக்குப் போவோம். 2007-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் ‘பொறுப்பான மேலாண்மைக் கல்விக்கான கோட்பாடுகள்’ வந்தன. அன்றைக்கு ஆறு. உலகெங்கும் வணிகப் பள்ளிகள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டன. அடுத்த ஆண்டே, 2008 செப்டம்பரில், லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது. உலகச் சந்தை தலைகுப்புற விழுந்தது. கவிழ்த்தவர்கள் கைநாட்டுக்காரர்கள் இல்லை.

அதே செப்டம்பரில் ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்துக்கு ஒரு விருது. எதற்கு? சிறந்த நிறுவன ஆளுகைக்கு. பெயர் தங்க மயில். நான்கு மாதத்தில், 2009 ஜனவரி 7 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார்: கணக்கு பொய். 7,000 கோடி ரூபாய்க்கு மேல். புலிமேல் சவாரி செய்த கதையாகிவிட்டது என்று புலம்பல் வேறு. அவர் எம்.பி.ஏ. அவருடைய இயக்குநர் குழுவில் ஒரு ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியரும் இந்தியாவின் முன்னணி வணிகப் பள்ளி ஒன்றின் டீனும் இருந்தார்கள். பொறுப்பைக் கற்பிக்கிறவர்கள் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் முன்னே களஞ்சியம் காலியாகிக்கொண்டிருந்தது. விருது கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பணம்?

ஆய்வாவது சுத்தமாக இருக்கும் என்கிறீர்களா? படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தை மேலே வாங்கினால் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்று 2012-ல் ஒரு பிரபல ஆய்வுக் கட்டுரை சொன்னது. உலகம் கைதட்டியது. தரவு ஜோடிக்கப்பட்டது என்று தெரிந்து 2021-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதை எழுதியவர்களில் ஒருவரான ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் பிரான்செஸ்கா ஜினோவின் நிரந்தரப் பதவியை 2025-ல் பல்கலைக்கழகம் பறித்தது. தரவைத் திரித்தார் என்ற குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். மறுக்கட்டும். நேர்மை பற்றிய ஆய்வுக்குள்ளேயே பொய்த் தரவு. வேலிக்குப் போட்ட முள்ளே பயிரைத் தின்கிறது.

பொறுப்பைப் பாடமாக்கியதில் ஒரு வசதி. பாடம் என்றால் பாஸ் பண்ணினால் போதும்.

இத்தனைக்கும் பாடம் படிக்க இவர்கள் ஹார்வர்டைத் தேடிப் பாஸ்டனுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. அரியலூருக்கு வந்திருக்கலாம். 1956 நவம்பர் 23, விடியலுக்கு முன். வெள்ளம் புரண்ட மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். டெல்லியில் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் ரயிலை ஓட்டவில்லை. பாலத்தைக் கட்டவில்லை. தவறு அவருடையது அல்ல என்று பிரதமர் நேருவே சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று விலகலை ஏற்றுக்கொண்டார்.

சாஸ்திரி கமிட்டி அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ என்று கருத்தரங்கம் வைக்கவில்லை. அடைப்புக்குறியை எடுத்துவிட்டுப் பொறுப்பை ஏற்ற மனிதர் அவர். அந்த ஆறு இன்னும் இதே மாவட்டத்தில்தான் ஓடுகிறது.

எனவே, மேலாண்மைப் பேராசிரியர்களே, மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆலத்தியூருக்குக் களப்பயணம் வாருங்கள். கேள்வித்தாள் வேண்டாம். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். டிப்பர் போகும் சாலையோரம் ஒரு பகல் நில்லுங்கள். சாயங்காலம் சட்டையைக் கழற்றுங்கள். உதறாதீர்கள். துவைக்காதீர்கள். அடுத்த பொறுப்பு அறிக்கையில் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.