விக்ஸ்பர்க்கில் ஊர்க்கதை சொல்லிப் பிழைப்பது எப்படி?

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் வழிகாட்டி வேலை பார்க்கப் பட்டம் எதுவும் வேண்டாம். நல்ல தொப்பி, வற்றாத தொண்டை, கொஞ்சம் கூச்சமின்மை, இவ்வளவுதான் முதலீடு. ஊரில் இருப்பவர்கள் இருபதாயிரம் சொச்சம் பேர். கதைகள் அதைவிட அதிகம்.

எதைச் சொன்னாலும் உள்நாட்டுப் போர் நடந்த 1863-இல் ஆரம்பியுங்கள். வடக்குப் படையின் கிராண்ட் 47 நாள் ஊரை முற்றுகையிட்டார். ஜூலை 4 அன்று தெற்குத் தளபதி பெம்பர்டன் சரணடைந்தார். இதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டுக் குகைக்கு வாருங்கள். குண்டுமழைக்குப் பயந்த ஜனங்கள் மேட்டைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். காற்று கொண்டுவந்து குவித்த மண் அது. மண்வெட்டி சுலபமாக இறங்கும், வெட்டிய சுவரோ சரியாமல் செங்குத்தாக நிற்கும். சில குகைகளில் கம்பளம் விரித்து, கட்டில்கூடப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குக் கடைசியில் கோவேறு கழுதைக் கறி. கூட்டத்தில் சைவக்காரர் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

கழுதையோடு நிறுத்தாதீர்கள். 43-ஆம் மிசிசிப்பி காலாட்படையில் டக்ளஸ் என்றொரு ஒட்டகம் இருந்தது. முற்றுகையில் எதிரி சுட்டுக் கொன்றான். அளக்கிறான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சீடர் ஹில் இடுகாட்டுக்குக் கூட்டிப்போய் ஒட்டகத்துக்கு வைத்திருக்கும் நினைவுக் கல்லைக் காட்டுங்கள். அதன்பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் நம்புவார்கள்.

இனி பொய். பொய்க்கு எண் முக்கியம். பக்கத்து ரேமண்ட் சண்டையில் ஒரு சிப்பாயின் விரையைத் துளைத்த தோட்டா, நேரே போய் ஒரு பெண்ணின் வயிற்றில் பாய்ந்ததாம். 278-ஆம் நாள் அவளுக்கு ஆண் குழந்தை, எடை எட்டுப் பவுண்டு. லெக்ராண்ட் கேப்பர்ஸ் என்ற டாக்டர் 1874-இல் மருத்துவ இதழில் வேடிக்கையாக எழுதியது. எட்டுப் பவுண்டு என்று எழுதியிருக்கிறாரே, எடைபோடாமலா எழுதியிருப்பார் என்று நம்பியவர்கள் ஏராளம். குழந்தைகுட்டியோடு வந்திருந்தால் இதைத் தாண்டிவிடுங்கள்.

தோற்ற நாள் என்பதால் இந்த ஊர் 81 வருஷம் ஜூலை 4-ஐக் கொண்டாடவே இல்லை என்பது இன்னொரு கதை. குரல் கரகரக்கச் சொன்னால் எடுபடும். ஒரே சிக்கல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் போர் முடிந்த காலத்திலேயே அந்த நாளைக் கொண்டாடியிருக்கிறார்கள். அப்படியென்றால் ‘ஊர்’ என்று யாரைச் சொல்கிறீர்கள் என எவராவது கேட்பார். தொப்பியைச் சரிசெய்துகொள்ளுங்கள். வேறு பதில் கிடையாது.

மிட்டாய்க் கடைக்காரர் பீடன்ஹார்ன் 1894-இல் கோக்கை முதன்முதலாகப் புட்டியில் அடைத்தது இங்கேதான். சத்தியமான உண்மை. ஆனால் வெயில் நேரத்தில் சொன்னால் கூட்டம் கடைக்கு ஓடிவிடும்.

ஆற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி இந்த ஊருக்கு எதிரே கொண்டை ஊசிபோல் வளைந்து ஓடியது. ஊரின் பீரங்கிகளிடம் சிக்காமல் கப்பல்களைக் கடத்த, வடக்குப் படை அந்த வளைவின் குறுக்கே கால்வாய் வெட்டிப் பார்த்தது. சிப்பாய்களும் கறுப்பினக் கூலியாட்களும் காய்ச்சலில் செத்ததுதான் மிச்சம், ஆறு மசியவில்லை. போர் முடிந்து ஆளாளுக்கு வீடு திரும்பியபின், 1876 ஏப்ரலில், யாரும் கேட்காமலே அதே வளைவைத் தானே அறுத்துக்கொண்டு போய்விட்டது! துறைமுகம் வறண்டது. 1903-இல் பொறியாளர்கள் யாஸூ என்ற வேறொரு ஆற்றைத் திருப்பிவிட்டுத்தான் ஊர்முகப்பில் மறுபடி தண்ணீரைக் காட்டினார்கள்.

இதை எப்போது சொல்வது என்பதில்தான் தொழில் இருக்கிறது. சுற்று முடிகிற இடத்தில் யாராவது கரையில் இறங்கி, தண்ணீரை இரு கையாலும் அள்ளி, மிசிசிப்பியைத் தொட்டுவிட்டேன் என்று படம் எடுத்துக்கொள்வார். டிப்ஸ் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.