ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது

வேலூர்ப் பக்கத்துக்காரர்களை மட்டம் தட்டுவதற்கென்றே ஒரு பழைய பட்டியல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. ராஜா இனி வரப்போவதில்லை. சாமி 1981இல் வந்துவிட்டார். சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் கொண்டுபோய் மறுபடி வைத்தார்கள். பாலாறுதான் பாக்கி. 1903 நவம்பரில் வாணியம்பாடிக்குள் புகுந்து ஆளையும் வீட்டையும் வாரிக்கொண்டு போன ஆறு அது. 2021 நவம்பரிலும் கரை கொள்ளாமல் வந்து, பழைய குணம் போகவில்லை என்று காட்டிவிட்டுப் போனது. மற்ற நாளில் பெரும்பாலும் மணல். அந்த மணலை ஒட்டி இருக்கிற மாதனூரில், மே மாதத்தில், "கம்ப்யூட்டருக்குத் தண்ணி கனெக்‌ஷன் குடுக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னேன்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "மனுசங்களுக்கே கேன் தண்ணி. அதுக்கு எந்த லாரி வரும்?"

நான் செருப்பு வரைகிறவள். ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகள் ஒரு மாடலைத் தோலில் வெட்டி, தைத்து, லாஸ்ட் என்கிற கால் அச்சில் ஏற்றி சாம்பிள் எடுப்பதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று திரையில் செய்து கொடுப்பது என் பிழைப்பு. சும்மா படம் இல்லை. தோலின் மயிர்த்துளை தெரிய வேண்டும், தையல் நூலின் முறுக்கு தெரிய வேண்டும், பாலிஷில் ஜன்னல் வெளிச்சம் வழுக்க வேண்டும். அப்போதுதான் ஜெர்மனியில் குந்தியிருக்கிற பையர் தலையாட்டுவார். இந்த வெளிச்சக் கணக்கையெல்லாம் போடுவது பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும். இரண்டும் முழுமூச்சாக இறங்கினால் 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். இழுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். இஸ்திரிப் பெட்டியைப் பாதிச் சூட்டில் வைத்துத் தகர டப்பாவுக்குள் பூட்டிய கதைதான்.

மார்கழியில் பிரச்சினை இல்லை. மே மாதம் இங்கே 40 டிகிரி தாண்டுவதை யாரும் செய்தி என்று சொல்வதில்லை. டப்பாவின் விசிறி அந்தக் காற்றையே உள்ளே அடிக்கும். பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டதும் உயிருக்குப் பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பகல் பன்னிரண்டுக்கு மேல் மாதனூரில் வேலை செய்ய முடியாது என்பது அதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பையருக்குத்தான் தெரியவில்லை.

தண்ணீர் எதற்கு என்றால், ஒரே கன அளவு காற்றைவிட அது ஏறக்குறைய 3,400 மடங்கு சூட்டைச் சுமக்கும். பிராசஸரின் தலையில் ஒரு செப்புக் கட்டி உட்காரும். அதன் வயிற்றுக்குள் மயிரிழை வாய்க்கால்கள். அதில் ஓடுகிற தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ட்யூப் வழியே ரேடியேட்டருக்குப் போகும். அங்கே மூன்று விசிறிகள் அதைக் காற்றில் இறக்கிவிடும். ஆறிய தண்ணீரைப் பம்ப் மறுபடி தள்ளும். இதை அப்பாவுக்கு விளக்குவது சுலபம் என்று நினைத்தேன்.

அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற ஆலையில், பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ட்ரம் சுற்றவில்லையா, பம்ப் இழுக்கவில்லையா, வால்வு ஒழுகுகிறதா, எந்த நேரமானாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "தண்ணியும் கரண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்காம இருக்கணும்னுதாம்மா எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. நீ ரெண்டையும் ஒரே டப்பாவுல குடி வெக்கிறேன்ற."

சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். 1980இல் ஐபிஎம் அறிவித்த 3081 கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஒரு குட்டி பிஸ்டன், சுற்றிலும் ஹீலியம், மேலே தண்ணீர் ஓடும் தகடு. 1985இன் கிரே-2இல் சர்க்யூட் பலகைகளையே மின்சாரம் பாயாத ஒரு திரவத்தில் முக்கி வைத்தார்கள். 2004இல் ஆப்பிள், பவர் மேக் ஜி5க்குள் திரவத்தை ஓடவிட்டது. அப்பா மூன்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "ஒழுவலையா?" என்றார். மூன்றாவதில் சிலது ஒழுகியதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் இளகியது வேறு இடத்தில். 2000ஐ ஒட்டி இதை வீட்டிலேயே செய்து பார்த்த வெளிநாட்டுப் பையன்கள், கடையில் ரேடியேட்டர் கிடைக்காமல், பழைய காரைப் பிரித்து ஹீட்டர் கோரைக் கழற்றி, மீன்தொட்டி பம்ப்பைக் கோத்து ஓட்டினார்கள் என்றேன். காயலான் கடைச் சாமான் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லு."

மாதனூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. சாமான் வாங்க ரிச்சி தெருவுக்கும் போகலாம், எஸ்.பி. ரோட்டுக்கும் போகலாம், அதாவது, இரண்டுமே கிட்டே இல்லை. ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது பக்கத்து சீட்டு அம்மா "சின்ன ஏசியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கியிருந்தால் பள்ளிகொண்டா வந்திருக்கும், விளக்கம் முடிந்திருக்காது.

வீட்டில் அப்பா ரேடியேட்டரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது அலுமினியம் இல்லையே? அந்தக் கட்டி செம்பு. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணியில வுட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்." இந்தக் கலையில் புதிதாக இறங்குகிறவர்கள் விலையைப் பார்த்து அலுமினிய ரேடியேட்டரைச் செப்புக் கட்டியோடு சேர்ப்பதும், கொஞ்ச மாதத்தில் உள்ளே வெள்ளையாகச் சேறு கட்டுவதும் உலகப் பிரசித்தம். அப்பாவுக்கு அது உப்புத் தண்ணீரில் கைப்பட்ட அனுபவம். என்னுடையது செம்பும் பித்தளையும். பாஸ் ஆனேன்.

அடுத்து ஃபிட்டிங். எல்லா மறையும் ஒரே அளவு, ஜி கால் இன்ச். அப்பா டெஃப்லான் டேப்பும் பைப் ரெஞ்சும் எடுத்து வந்தார். டேப் வேண்டாம், உள்ளே ஓ-ரிங் இருக்கிறது, கையால் திருகினால் போதும், ரெஞ்ச் போட்டால் ஓ-ரிங் பிதுங்கும் என்றேன். "கையாலயா?" அவர் முகத்தில் ஒரு தொழிலே அழிந்து போகிற சோகம். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப தோல் வாஷராவது போடு" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஊருக்கு ஊர் நிற்கிற அடிபம்ப், அதாவது இந்தியா மார்க் 2, 1970களின் கடைசியில் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் கிரடாஸில் தயாராகத் தொடங்கியபோது, உள்ளே தண்ணீரைத் தூக்கியது தோலில் செய்த கிண்ண வாஷர்தான். நைட்ரைல் ரப்பர் பிறகு வந்தது. தேசத்துக்கே தண்ணீர் இறைத்த வாஷர் உன் டப்பாவுக்கு ஆகாதா என்ற பார்வையோடு அப்பா பெட்டியைக் கிளறி, எருமைத் தோல் துண்டு ஒன்றை எடுத்து வட்டமாக வெட்டவும் ஆரம்பித்துவிட்டார். தோல் ஊறினால் எண்ணெயும் சாயமும் உப்பும் இறங்கித் தண்ணீர் கெட்டுவிடும், வாய்க்கால் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி நிறுத்தினேன். தோல் ஊறினால் தண்ணீர் என்ன ஆகும் என்று பாலாற்றங்கரை ஆளுக்கு நான் பாடம் எடுக்கிறேன்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இனி தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதைச் செப்புக் கட்டிக்குள் விடுவதும் சிமெண்ட் கரைத்து ஊற்றுவதும் ஒன்று. கேன் தண்ணீர் மனிதருக்குச் சுத்தம், செம்புக்குப் போதாது. ஆர்.ஓ.வில் வடிந்தாலும் கொஞ்சம் உப்பு தங்கும். 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது எங்கள் மாவட்டத்து ஜோலார்பேட்டையிலிருந்துதான் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ஏற்றி ரயில் போனது. ஆம்பூர் ஸ்டேஷனைத் தாண்டிப் போன அந்தக் காவிரித் தண்ணீரைப் பற்றி அம்மா இன்றைக்கும் பெருமூச்சு விடுவாள். எனக்கு வேண்டியதோ ஒரு சொம்பு. ஆனால் டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும். அது பேட்டரிக் கடையில் கிடைக்கும்.

"எந்த வண்டிக்கும்மா?"

"வண்டி இல்ல பாய். கம்ப்யூட்டருக்கு."

"யுபிஎஸ்ஸா?"

"இல்ல பாய், கம்ப்யூட்டருக்குள்ளயே ஊத்தணும்."

பாய் கேனை எடுத்து வைத்தார். காசை வாங்கிப் போட்டார். பிறகு, "தண்ணிக்கு வாரண்டி கிடையாதும்மா" என்றார்.

அவர் கவலை வீண் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தை லேசில் கடத்தாதுதான்; ஆனால் அந்த யோக்கியதை உள்ளே சுற்றத் தொடங்குகிற வரைக்கும்தான். உலோகத்திலிருந்தும் தூசியிலிருந்தும் அயனிகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு அதுவும் சாதாரணத் தண்ணீர் ஆகிவிடும். அரிக்காமல் இருக்க ஒரு மருந்து, பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து சேர்க்க வேண்டும். பாசிக்குத் துளசி போடு என்றாள் அம்மா. இதில் முன்பெல்லாம் வெள்ளிக் கம்பிச் சுருள் போடுவார்கள் என்றேன், வாய் சும்மா இருக்காமல். "என் பழைய மெட்டி கீது, தரட்டா?" வெள்ளி நிக்கல் பூச்சுக்கு ஆகாது என்று இப்போது விட்டுவிட்டார்கள் என்பதற்குள் மெட்டி மேஜைக்கு வந்துவிட்டது.

ஒழுகல் சோதனை இப்படி: மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரமே போகக்கூடாது. பவர் சப்ளையின் 24 முனைப் பிளக்கில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் வளைத்த கிளிப்பால் இணைத்தால் சப்ளை உயிர் பெறும். அதில் பம்ப் மட்டும் ஓடும். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பர். நனைந்தால் ஒழுகல். தொட்டியில் தண்ணீர் தீராமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பம்ப் வறட்டு ஓட்டம் ஓடினால் செத்துப்போகும். டப்பாவை இப்படியும் அப்படியும் சாய்த்தால் ரேடியேட்டரில் சிக்கிய காற்று குமிழ்குமிழாக வரும். பம்ப் சத்தம் கேட்டதும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு டார்ச்சோடு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது" என்றார். "ஜீரோ டிஸ்சார்ஜ்."

இந்தப் பக்கத்தில் அது சாதாரண வார்த்தை இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டில் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அங்கே ஆர்.ஓ.வில் தள்ளித் தண்ணீரை மீட்டு மறுபடி ஷாப்புக்கே அனுப்ப வேண்டும்; ஆற்றுக்கு எதுவும் போகக்கூடாது. மீட்ட பிறகு மிஞ்சுகிற உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது வேறு தலைவலி. அந்தக் குழாய்களோடு மல்லுக்கட்டிய மனிதர், வீட்டுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் நிஜமாகவே வெளியே போகாமல் சுற்றிச் சுற்றி வருவதை விடியும் வரை பார்த்தார். டிஷ்யூ நனையவில்லை. "பொதுப்பணித் துறையில இவ்ளோ சுத்தமா பண்ண மாட்டான்" என்றார். என் வாழ்நாளில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய சர்டிபிகேட் அதுதான். எந்தத் துறையை வைத்து அளந்தார் என்பதை நான் கிளறவில்லை.

மெஷின் ஓடியது. உச்சி வெயிலில் பிராசஸர் எழுபதுகளிலேயே நின்றது. பூட்ஸ் பளபளவென்று வந்தது, ஜெர்மனி தலையாட்டியது, ஆம்பூர் பிரியாணி வந்தது, கத்திரிக்காய் கூட்டு பத்தவில்லை என்று சண்டையும் வந்தது.

அதற்குப் பிறகுதான் ஹாலில் யாராலும் உட்கார முடியவில்லை. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, தூக்கிக்கொண்டு போய் வெளியே வைக்கிறது. வெளியே என்றால் டப்பாவுக்கு வெளியே. அது எங்கள் ஹால். முன்பாவது மெஷின் பாவம் பார்த்து மதியம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது அதற்குக் களைப்பே இல்லை. நாள் முழுக்க 500 வாட், மூன்று விசிறி வைத்து, சீரியல் பார்க்கிற அம்மாவின் முதுகுக்கு நேராக.

அப்பா தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தார். சொந்தத் தீர்ப்பு இல்லை. 1996 ஆகஸ்ட் 28, உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, நீதிபதி குல்தீப் சிங். பாலாற்றைக் கெடுத்த வகையில் தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவனே சரிக்கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்தது அதில்தான். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அப்பா பம்ப் ரூமில் படித்தவர்.

"சூடு பண்ணவங்கதான் சரி பண்ணணும்" என்றார். "ஏசி வாங்கு."

வாங்கினேன். ஒரு டன். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியே தள்ளும். என் 500 அதற்குக் கொசுறு. ஹால் 26 டிகிரிக்கு வந்தது. அம்மா போர்வை தேடினாள். 26 டிகிரி அறையில் பழைய விசிறியே போதுமே, தண்ணீர் எதற்கு என்று அப்பா கேட்டார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அன்றைக்குச் சாயங்காலமே ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு பக்கெட் வைத்து, "இனிமே பாய் கடைக்குப் போவாத, டிஸ்டில் வாட்டர் நம்ம வீட்லயே ஊறுது" என்றார். காயிலில் படிந்த தூசியும் உலோகமும் அதில் இறங்கியிருக்கும், மெஷினுக்கு ஆகாது என்றேன். பக்கெட் துளசிக்குப் போனது.

ஏசியின் வெளி யூனிட்டைப் பக்கத்துச் சந்தைப் பார்த்து மாட்டியிருக்கிறோம். மறுவாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார்கள். அவர்கள் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல் அந்தச் சந்தில்தான் திறக்கிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்பா தீர்ப்பை அவர்கள் வீட்டுக்காரரிடமும் டீக்கடையில் வைத்து விளக்கிச் சொல்லியிருக்கிறார், தேதியோடு.

"சண்டை போட வரலம்மா" என்றார்கள். "நீ வாங்கித் தரப்போற ஏசி ஒரு டன்னா, ஒண்ணரை டன்னா? அதைக் கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."