மலிவு ஆம்ப் வாங்க அனுமதி கோரி ஒரு மனு

அனுப்புநர்:
மாதச் சம்பளக்காரன், மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்:
நிர்வாகத்தார், உயர்ரக ஒலிக்கூடம் (பெயர் வேண்டாம், விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்), சென்னை.

பொருள்: மலிவு விலை ஆம்ப்ளிஃபயர் வாங்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் விற்பனைப் பிரதிநிதியின் புருவம்.

ஐயா,

பழைய மினி சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று தங்கள் கூடத்துக்கு வந்தேன். முப்பதாயிரம் ரூபாய்க்குள் வேண்டும் என்றேன். மேற்படி புருவம் உயர்ந்தது. "அந்த விலைக்கு நம்மகிட்ட வயர்தான் சார் வரும்" என்றார் பிரதிநிதி. குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். குறை சொல்வதற்கில்லை.

வயரிலிருந்தே தொடங்குகிறேன். என் வீட்டில் ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 3 மீட்டர். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், போக வர 6 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.05 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். அந்த 0.05 ஓமில்தான் வயலினின் ஆன்மா சிக்கித் தவிக்கிறது என்கிறது தங்கள் கையேடு. இருக்கலாம். 2007-இல் அமெரிக்க மாயவித்தைக்காரரும் புளுகுகளை அம்பலப்படுத்துபவருமான ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிள் ஒன்றையும் அதைவிடப் பல மடங்கு மலிவான ஒன்றையும் பார்க்காமல், கேட்டு மட்டுமே பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவேயில்லை. இந்தத் துறையில் பணத்தாசை பிடித்தவர்களே கிடையாது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அடுத்தது ஒரு சந்தேகம். லெக்சிகான் பிடி-30 என்ற ப்ளூ-ரே பிளேயரின் விலை 3,500 டாலராக இருந்தது. 2010-இல் விமர்சகர்கள் அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே 499 டாலர் ஒப்போ பிளேயர் ஒன்று அடிச்சட்டத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆக, 3,000 டாலர் மேல்சட்டைக்கு. நான் ஒப்போவை வாங்கி அதன்மேல் எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை மூடியைக் கவிழ்த்துவைத்தால், என்னையும் ரசிகனாகச் சேர்த்துக்கொள்வீர்களா? மூடி நல்ல கனம்.

மலிவென்றால் மட்டம் என்ற தங்கள் சித்தாந்தத்துக்கு இடைஞ்சலாகச் சில பழைய சாமான்களும் உண்டு. 1978-இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேனலுக்கு 20 வாட், பார்வைக்கு அழுதுவடியும் பெட்டி, சாமானியன் எட்டிப்பிடிக்கும் விலை. இன்றைக்கும் தேடிப்பிடித்து, கெப்பாசிட்டர் மாற்றி, வைத்துக் கேட்கிறார்கள். ஜப்பானின் 47 லேப் செய்த கெயின்கார்டு ஆம்ப் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. அதன் உயிர் எல்எம்3875 என்ற ஐசி, சில டாலர் சமாசாரம். ரிச்சி தெருவில் டிடிஏ2030 ஐசி வாங்கி ஆம்ப் அசெம்பிள் செய்யும் தம்பியும் அதே குலத்தொழிலைத்தான் செய்கிறார். வழவழ தாளில் அச்சடித்த கையேடு மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

சிடியின் 16 பிட் ஒலி செத்த ஒலி, 24 பிட்டுக்கு மாறுங்கள் என்றும் அறிவுறுத்தப்பட்டேன். மேயர், மோரான் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர் ரெசல்யூஷன் ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டு 554 முறை கேட்கச் செய்தார்கள். சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் இதே கணக்குத்தான். ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற ஹெட்போன் அடாப்டருக்குள்ளும், டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் டாக் ஒன்று இருக்கிறது. கருவி வைத்து அளந்தால் அதன் இரைச்சலும் சிதைவும் காதுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கின்றன. தங்கள் கடையில் டாக்குக்குத் தனி அறையே இருக்கிறது. ஏசி நன்றாக வேலை செய்கிறது.

இதற்காக என்னை மலிவுக் கட்சிக்காரன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அந்தப் பக்கத்துப் புளுகு இதைவிடப் பெரிது. அட்டைப்பெட்டியில் '5,000 வாட் பிஎம்பிஓ' என்று அச்சடித்திருப்பார்கள். பின்பக்கம் திருப்பினால், எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட். 60 போட்டு 5,000 எடுக்கும் பெட்டியைப் பாட்டுக் கேட்டு வீணாக்கலாமா? மின்வாரியத்திடம் அல்லவா ஒப்படைக்க வேண்டும்! இத்தகைய புளுகு கூடாதென்றுதான், ஆம்ப்பின் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-இலேயே விதி போட்டுவிட்டது.

ஸ்பீக்கரில் மலிவு பல்லைக் காட்டிவிடும், ஒப்புக்கொள்கிறேன். மின்சாரத்தை ஒலியாக்க அங்கே காற்றைத் தள்ளியாக வேண்டும். அதற்குக் கூம்பு வேண்டும், காந்தம் வேண்டும், அதிராத பெட்டி வேண்டும். சிப் விலை இறங்கியதுபோல மரமும் காந்தமும் இறங்கவில்லை. மூன்று அங்குல ஸ்பீக்கரிலிருந்து மிருதங்கத்தின் தொப்பி நாதத்தை எதிர்பார்ப்பது பேராசை. ஆகவே என் திட்டம் இது: முப்பதாயிரத்தில் இருபதாயிரம் ஸ்பீக்கருக்கு. ஏழெட்டாயிரம் கையளவு கிளாஸ்-டி ஆம்ப்புக்கு. மிச்சம் கம்பளத்துக்கும் கனத்த திரைச்சீலைக்கும். மொசைக் தரையும் வெறுஞ்சுவருமான என் கூடத்தில் நான் ஒருமுறை கைதட்டினால் சுவர் நாலுமுறை தட்டுகிறது. அங்கே பத்து லட்ச ரூபாய் ஆம்ப் வந்தாலும் அதே கைதட்டல்தான் அதற்கும். தங்கள் பட்டியலில் திரைச்சீலை இல்லாததைக் கவனித்தேன். கமிஷன் குறைவோ என்னவோ.

இத்தனைக்குப் பிறகும் விலையுயர்ந்த ஆம்ப்தான் உயர்ந்தது என்று தாங்கள் கருதினால் ஒரே ஒரு வேண்டுகோள். என் மலிவு ஆம்ப்பைக் கொண்டுவருகிறேன். இரண்டையும் திரைக்குப் பின்னால் வையுங்கள். ஒலியளவை மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள், ஏனென்றால் துளி உரக்கக் கேட்பதை நல்ல ஒலி என்று காது நம்பிவிடும். பிரதிநிதியின் கை எந்நேரமும் வால்யூம் குமிழிலேயே இருந்தது ஏன் என்று நான் கேட்கவில்லை. எது ஓடுகிறது என்று எனக்கும் தெரியக்கூடாது, அவருக்கும் தெரியக்கூடாது. இருபது தடவை மாற்றிப் போடுங்கள். நான் சரியாகப் பிரித்துச் சொல்லி, தங்களுடையதே மேல் என்றும் தேர்ந்தெடுத்தால் லோன் போட்டு வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் ஸ்பீக்கருக்கு மட்டும் பில் போட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாம்பலத்துக் காது