பிழையே வராத அண்ணன்

எங்கள் டீமில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஜாவாவில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் எழுதிய கோடில் எர்ரர் வந்ததாக லாகில் ஒரு வரி காட்டிவிட முடியாது. விவரம் போதாத நாங்கள்தான் எக்ஸெப்ஷன், ஸ்டாக் ட்ரேஸ் என்று பக்கம் பக்கமாக ஒப்பாரி வைக்கிறோம்.

கைப்பக்குவம் ஃபைனலியில் இருக்கிறது. ட்ரை பிளாக்கில் வேலை முடிந்தாலும் சரி, பாதியில் கவிழ்ந்தாலும் சரி, வெளியே போகும் முன் ஃபைனலி ஓடும். திறந்த ஃபைலை மூட, எடுத்த கனெக்‌ஷனைத் திருப்பித் தர என்று வைத்த இடம். கூட்டிப் பெருக்குவதோடு நிற்கிற ஆளா அண்ணன்? பில் தொகைகளைக் கூட்டும் கோடில், ஃபைனலியின் கடைசி வரியாக 'ரிட்டர்ன் டோட்டல்' என்று போட்டார். அங்கே ரிட்டர்ன் இருந்தால், மேலே போய்க்கொண்டிருந்த எக்ஸெப்ஷனை ஜாவா அப்படியே கைவிட்டுவிடும், கேட்ச்கூட வேண்டாம். இழவு சொல்ல வந்தவனை வாசலிலேயே மோர் கொடுத்துத் திருப்பி அனுப்புகிற பெரிய மனசு! ஒருநாள் ஏதோ ஒரு பில்லில் தேதி காலியாக இருந்தது. அதுவரை கூட்டியதே முழுத் தொகையாக அக்கவுண்ட்ஸுக்குப் போனது. மீதிப் பில்களை நினைத்து யாரும் அன்று தூக்கம் கெடவில்லை.

கம்பைலருக்குத்தான் பொறாமை. லின்ட் ஆப்ஷனைப் போட்டால், இந்த ஃபைனலி சரியாக முடியவில்லை என்று கோள் மூட்டும். அண்ணன் அதைப் போடுவதில்லை. பைத்தானோ 2025-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து கேட்காமலேயே எச்சரிக்கிறது. நல்லவேளை, அண்ணனுக்குப் பைத்தான் ஒத்துக்கொள்ளாது.

விருந்தோம்பலிலும் குறை சொல்ல முடியாது. க்ளோஸை ஃபைனலியில் வைப்பது சந்தேகப் பிராணிகளின் வேலை. அவர் ட்ரையின் கடைசி வரியில் வைப்பார். நடுவில் கவிழ்ந்தால் அந்த வரிக்குப் போக வழியில்லை. வந்த கனெக்‌ஷன் வந்ததுதான், வீட்டோடு தங்கிவிடும். நாங்கள் வைத்திருக்கும் ஹிகாரி பூலில் யாரும் மாற்றாவிட்டால் 10 கனெக்‌ஷன்தான். பத்தும் தங்கிய பிறகு பதினோராவதாகக் கேட்டது என் கோடு. 30 விநாடி நின்றுவிட்டு, டைம்அவுட் என்று அலறியது. எர்ரர் என் பெயரில். அவர் பக்கம் பளிச்.

"அண்ணே, ட்ரை வித் ரிசோர்சஸ் போட்டா அதுவே மூடிடுமே. மூடும்போது இன்னொரு எர்ரர் வந்தாக்கூட, முதல் எர்ரரை மறைக்காம கூடவே சேர்த்து வெச்சுக்கும்ணே."

"அதெல்லாம் புதுசு தம்பி. கொஞ்சம் பழகட்டும்."

ஜாவா 7-இல், 2011-இல் வந்த சமாச்சாரம். அவசரப்படாத மனிதர்.

ஆனாலும் என் முகம் வாடியதை அவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, என் கோடுக்கும் தன் கையால் ஒரு ஃபைனலி போட்டு, அதில் ஒரு ரிட்டர்னும் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து என் லாகும் துடைத்துவிட்டது போல இருக்கிறது.